எட்டுக் கிலோ ரிசீவர்

பெண் பார்க்கப் போன இடத்தில் பொய் சொல்லாத ஆண்பிள்ளை உண்டா? நான் ஒன்றே ஒன்று சொன்னேன். "ஊட்டுல ஸ்டீரியோ செட்டு வச்சிருக்கனுங்க. பாட்டுன்னா உசுருங்க." கவிதா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்கு இன்னும் நாலு பொய் சொல்லியிருப்பேன் (அதற்குள் அம்மா என் காலை மிதித்துவிட்டாள்).

அவள் அப்பாவுக்குக் காங்கேயத்தில் எண்ணெய் மில். "ஞாயித்துக்கெழமை வர்றனுங்க. ஊடு பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்றார். எங்கள் வீட்டில் இருந்தது ஒரு பாக்கெட் ரேடியோ.

நண்பன் பழைய ஸ்பீக்கர் இரண்டைத் தந்தான். ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த ரிசீவர்தான் பாக்கி. என் வசதிக்குக் கடையில் இரண்டுதான் தேறின. ஒன்று, ஒல்லியான கம்பெனி செட். இன்னொன்று உள்ளூரில் பாகங்களை வாங்கிப் பூட்டியது, முகமெல்லாம் பச்சை, சிவப்பு விளக்கு.

அப்போது நான் பனியன் கம்பெனியில் துணி செக்கிங். வட்டமாக ஒரு துண்டு வெட்டி எடை போடுவேன். ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு, குறைந்தால் ரோல் திரும்பிவிடும். நூலில் ஈரம் ஏற்றி எடை காட்டினவனைக்கூடக் கையும் களவுமாகப் பிடித்தவன். எடைதான் தரம் என்று நம்பி, இரண்டு ரிசீவரையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தேன்.

"ஏனுங்க, கம்பெனி செட்டே போதுமுங்க. ஒருக்கா போட்டுக் கேளுங்க" என்றார் கடைக்காரர்.

"கேக்கறதுக்கு என்னங்க இருக்குது? இது எட்டுக் கிலோ இருக்கும்!" என்று விளக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டேன். (என்ன திமிர்!)

ஞாயிற்றுக்கிழமை கவிதாவின் அப்பா வந்தார், காபி குடித்தார். "எங்க, ஒரு பாட்டு வைங்க தம்பி."

சுவிட்சைப் போட்டேன். பாட்டு வந்தது. கூடவே எந்தத் தாளத்திலும் சேராத ஒரு 'டக் டக்'. சத்தத்தைக் கூட்டினேன், அதுவும் கூடியது. பிறகு 'கர்ர்ர்' என்று ஓர் உறுமல், அதோடு சரி. அம்மா சாமி படத்தைப் பார்த்தாள். எனக்குச் சட்டை நனைந்துவிட்டது. போச்சு, கவிதா போச்சு!

அவர் எழுந்து வந்து வயரைப் பிடுங்கினார். பெட்டியைத் தூக்கி, தேங்காயை ஆட்டிப் பார்ப்பதுபோல் காதருகே வைத்து ஆட்டினார். "ஒரு ஸ்குரூ டிரைவர் குடுங்க."

திறந்தால், உள்ளங்கை அளவு சர்க்யூட். மீதி இடத்தில், எடைக்காக ஒட்டிவைத்து, பசை விட்டுப்போன கடப்பாக்கல் ஒன்று.

"வாங்கி எத்தன வருசமாச்சுங்க?"

"மூணு நாளுங்க" என்று உளறிவிட்டேன். "நீங்க வர்றீங்கன்னுதானுங்க வாங்குனேன். அதுக்கு முந்தி செட்டே கெடையாதுங்க."

அவர் கல்லைக் கையில் எடுத்து, என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த அரை நிமிஷம் இருக்கிறதே, விரோதிக்கும் வரக் கூடாது.

"ஏமாத்தறவனுக்குத்தான் பொண்ணு குடுக்கப் பயமுங்க" என்றார் அம்மாவிடம். "இவரு ஏமாறற ஆளு. அத எம்பொண்ணு பாத்துக்குவா."

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். கத்திரிக்காய் வாங்கி வந்தால்கூட, "ஆட்டிப் பாத்தீங்களா?" என்பாள். எங்கள் மகள் பிறந்தபோது, மூன்றரைக் கிலோ என்று நர்ஸ் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமனார் பேத்தியை வாங்கி, காதருகே தூக்கி, மெதுவாக ஒரு ஆட்டு ஆட்டினார்.

"கல்லு இல்லீங்க மாப்ள. நம்பி ஊட்டுக்குக் கொண்டு போலாம்."