ஸ்டேஷன் வரட்டுங்க

கந்தப்பன் ரேடியோவைத் தேர்ந்தெடுத்துவிட்டார். மடியிலிருந்து பணமும் பாதி வெளியே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தானா அவர் கண் கடை மூலைக்குப் போக வேண்டும்!

"ஏனுங்க அம்மணி, அதென்னுங்க அந்தப் பொட்டி? மொகத்துல வட்டமாக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நிக்குது?"

"டெலிவிஷனுங்க," என்றாள் ராமாமணி. "ரேடியோவாட்டத்தானுங்க. இதுல பாடறவங்க மொகமும் தெரியும்."

கந்தப்பன் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். "என்ற மொகந்தானுங்க தெரியுது."

"டெலிவிஷன் ஸ்டேஷன் வந்தா மத்தவங்க மொகமும் தெரியுமுங்க. டில்லியில வந்திருச்சு. நம்மூருக்கு வராமயா போயிரும்?"

கந்தப்பனுக்குக் கோபிசெட்டிபாளையத்தில் வாழைத் தோட்டம். கன்று வாங்கப் போனாலும் மூன்று சந்தை பார்த்துவிட்டு நான்காவது சந்தையில் வாங்குகிற மனிதர். வெளியே வந்த பணம் மடிக்குள் திரும்பிப் போயிற்று.

"அப்ப ஸ்டேஷன் வரட்டுங்க. மொகம் தெரியறது வரப்போறப்ப, தெரியாததை வாங்கிப்போட்டு என்னுங்க பண்றது?"

அந்த வாரத்தில் இப்படிப் போனவர்களில் அவர் முதல் ஆளும் அல்ல, கடைசி ஆளும் அல்ல.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று அது. கோவை ஒப்பணக்கார வீதியில் அந்த ரேடியோக் கடையை நடத்தி வந்த சீனிவாசலு, போன மார்கழியில் ஒரு விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. கடையும் டெலிவிஷனும் மனைவி ராமாமணியிடம் நின்றன. கப்பலில் பம்பாய்க்கு வந்து, அங்கிருந்து ரயிலில் வந்த பெட்டி என்று அவர் சொல்லியிருந்தார். ஸ்டேஷன் வருமுன் கரண்ட் கொடுத்தால் உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழாய் கருகிவிடும், நகர்த்தக் கூடாது, பின்பக்கத் திருகாணியில் கை வைக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். அவள் வைக்கவில்லை. தினமும் காலையில் கடை திறந்ததும், சாமி படத்துக்குப் பூ வைக்கும் முன் அதைத்தான் துடைப்பாள்.

சீனிவாசலுவின் தம்பி திருமலைசாமிக்குப் பீளமேட்டில் பம்ப் மோட்டார் பட்டறை. கடைக் கட்டிடத்தை மோட்டார் வைத்துக் காட்டும் இடமாக்க வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. கருமாதி முடிந்து இலை எடுப்பதற்குள் பேச்சை எடுத்துவிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க அண்ணி. மோட்டார் போட்டாத் தண்ணி வருது. இந்தக் குருட்டுப் பொட்டியைப் போட்டா என்னுங்க வரும்? அண்ணனுக்கு ஏதோ கிறுக்கு. நீங்க ஊட்டோட இருங்க. அரிசி பருப்பு மாசமானா நான் அனுப்பிப் போடறேன்."

ராமாமணி கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். அவர் அரிசி பருப்பு என்றதைக்கூடப் பொறுத்திருப்பாள்.

"கிறுக்குங்களா? இதே பொட்டியை இதே ஊர்ல வித்துக் காட்டறனுங்க. தீவாளிக்குள்ள விக்கலீன்னா சாவியைக் கொண்டாந்து உங்க கையில குடுத்துப் போடறேன்."

"வித்துப்போட்டீங்கன்னா நான் அந்தக் கடைப் பேச்சையே எடுக்கறதில்லீங்க," என்று சிரித்தார் திருமலைசாமி. சுற்றி இருந்த உறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் சாட்சி.

ஆனால் டெலிவிஷனைப் புகழப் புகழ ரேடியோ விற்பது நின்றது. வருகிறவர்கள் எல்லாரும் பெட்டியைப் பார்த்தார்கள், காப்பி குடித்தார்கள், "ஸ்டேஷன் வரட்டுங்க" என்று வணக்கம் போட்டுவிட்டுப் போனார்கள். இந்த ஊர்க்காரர்கள் 'இல்லை' என்பதைக்கூட இனிப்புத் தடவித்தான் சொல்வார்கள்.

ராமாமணி யோசித்து ஓர் அட்டை எழுதி வாசலில் மாட்டினாள். 'டெலிவிஷன் கோவைக்கு வர வெகு காலம் ஆகும். இன்றே ரேடியோ வாங்குவீர்!'

அன்று மாலையே இரண்டு ரேடியோ விற்றது. அவள் மனம் கொஞ்சம் குளிர்ந்தபோது கலீல் ரஹ்மான் உள்ளே வந்தார். கோட்டைமேட்டில் புது வீடு கட்டியிருக்கும் இரும்பு வியாபாரி. கூடத்தில் வைக்க டெலிவிஷன் கேட்டிருந்த ஒரே ஆள்.

"ஏம்மா, வெகு காலம் ஆகும்னு நீங்களே எழுதிப் போட்டிருக்கீங்க. நான் வாங்கி வச்சு என்ன, துணி காயப் போடறதா?"

"அது ரேடியோ வாங்கறவங்களுக்கு எழுதுனதுங்க பாய். உங்களுக்கில்ல."

"எனக்கு மட்டும் ஸ்டேஷன் சீக்கிரம் வருமாக்கும்?"

அட்டையை அங்கேயே கழற்றிக் கிழித்தாள். ரஹ்மான் பெட்டியின் முகத்தைத் தட்டிப் பார்த்தார்.

"எல்லாம் சரிம்மா. இது வட்டமா இருக்கே? சீமையில எல்லாம் சதுரமா வர ஆரம்பிச்சிருச்சாம். பேப்பர்ல படம் பார்த்தேன்."

"ஆண்டவன் கண்ணை வட்டமாப் படைச்சானுங்களா, சதுரமாங்களா?" ராமாமணி விடவில்லை. "சதுரத்துக்கு நாலு மூலை. மூலையில நிக்கறவன் மொகம் கோணித் தெரியுமுங்க. வட்டத்துல எல்லாரும் நேராத் தெரிவாங்க."

ரஹ்மான் அசந்துபோய்த் தலையாட்டினார். அவள் ரசீதுப் புத்தகத்தைத் தேடும்போதுதான் அவருக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது.

"அமெரிக்காவுல கலரே வந்திருச்சாமேம்மா? இப்ப இதை வாங்கிட்டு அப்புறம் கலர் வந்தா? கலர் வரட்டும்மா, பொறவு பாக்கலாம்."

"கலர் வந்தா நிறுத்திக்குவீங்களா பாய்? பிரியாணி காட்டுனா வாசனையும் வரட்டும்னு உக்காந்திருப்பீங்க!"

ரஹ்மானின் கண் விரிந்தது. "வாசனையும் வருமா?"

அவ்வளவுதான். ராமாமணிக்குப் பொறுமை போயிற்று. பாயை வழியனுப்பிவிட்டு இன்னோர் அட்டை எழுதினாள். 'இது விற்பனைக்கு இல்லை.' பெட்டியின் மேல் நட்டமாக நிறுத்தினாள். யாரும் வாங்க வேண்டாம். தீபாவளிக்குக் கடை போகிறதென்றால் போகட்டும். கணவர் நம்பிய பொருளை ஆள் ஆளுக்கு முகத்தில் தட்டி மூக்கைச் சுளிக்க அவள் விடமாட்டாள்.

மறுநாள் டீக்கடையில் ஒருவர், யாரோ மில் முதலாளி அதற்கு அச்சாரம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அதற்கடுத்த நாள், மருதமலை மேல் ஸ்டேஷன் கம்பம் நடப்போவதை அந்த முதலாளி முன்கூட்டியே தெரிந்துகொண்டார் என்று ஆயிற்று. வாரம் முடிவதற்குள் கம்பத்தைக் கண்ணால் பார்த்தவர்களே இருந்தார்கள்.

கந்தப்பன் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார்.

"அம்மணி, அந்த வட்டப் பொட்டியை எனக்கே குடுத்துப் போடுங்க. என்ற சம்சாரத்துக்கிட்டச் சொல்லிப்போட்டேன்."

"விற்பனைக்கு இல்லீங்க."

பின்னாலேயே ரஹ்மான். "கலர் கெடக்குதும்மா. கருப்பு வெள்ளைதான் கண்ணுக்குக் குளிர்ச்சின்னு டாக்டரே சொல்றார்."

ராமாமணிக்கு நாக்கு நுனி வரை 'சரி' வந்தது. ஆனால் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால், இவர்கள் உடனே 'வரட்டுங்க' என்று எழுந்து போய்விடுவார்களோ என்று பயம். "இல்லீங்க பாய்," என்றாள்.

இல்லை என்ற ஒவ்வொரு தடவையும் இருவர் குரலும் உயர்ந்தது. வீதியில் கூட்டம் சேர்ந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு திருமலைசாமியின் கார் வந்து நின்றது.

"என்னுங்க அண்ணி இது! என்ற அண்ணன் பொருளுக்கு ஊர்க்காரங்க போட்டி போடறாங்க, ஊட்டு மனுசன் ஒருத்தன் இருக்கறது நெனப்பில்லையா? மருதமலையில கம்பம் நடறாங்கன்னு எனக்குச் சொல்லோணும்னு தோணலீங்களா?"

"நீங்க குருட்டுப் பொட்டின்னீங்களே?"

"ஏதோ பேச்சுக்குச் சொன்னது. இவங்க சொல்றதுக்கு மேலயே வச்சுக் குடுக்கறேன். பொட்டி நம்ம ஊட்டுக்குத்தான் வரோணும்."

ராமாமணி அட்டையை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"வித்துப்போட்டாக் கடைப் பேச்சை எடுக்கறதில்லைன்னு சொன்னீங்க. இவங்க காது கேக்க இன்னொருக்காச் சொல்லுங்க, குடுக்கறேன்."

திருமலைசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் ஒரு பக்கம் கந்தப்பன் மடியை அவிழ்த்துக்கொண்டிருந்தார், மறுபக்கம் ரஹ்மான் சட்டைப் பையில் கை விட்டிருந்தார். வேறு வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். பணத்தை வைத்தார். வண்டிக்கு ஆள் அனுப்பினார்.

வண்டிக்கார யூனுஸ் வந்தபோது ராமாமணி உள்ளறைக்குப் போய்விட்டாள். ஜெயித்தாயிற்று, கடை அவளுக்கே நிலைத்துவிட்டது. ஆனாலும் கணவர் கொண்டுவந்து வைத்த பெட்டி வாசல் தாண்டுவதைப் பார்க்க அவளுக்கு மனமில்லை.

பொழுது சாயும் நேரம் வெறும் வண்டியோடு யூனுஸ் திரும்பி வந்தான்.

"சேத்துட்டனுங்க அக்கா. கூடத்துல நடுவால வச்சு, மேல பட்டுத் துணி போட்டு மூடிட்டாரு. ஸ்டேஷன் வர்ற வரைக்கும் ஒரு பயலும் தொடக் கூடாதுன்னு உத்தரவு."

"அலுங்காம எறக்குனயா? எத்தனை பேரு தூக்குனீங்க?"

"எத்தனை பேரா? நான் ஒத்தையாளாத் தலையில வச்சுட்டு உள்ள போனனுங்க."

"அத்தனை கனத்தையா!"

யூனுஸ் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துச் சிரித்தான்.

"என்ன கனமுங்க? தச்சு வேலை பாக்கற எங்க அத்தா செஞ்ச வெறும் பலகைப் பொட்டி, மொகத்துக்குப் பழைய செவுத்துக் கடியாரத்தோட கண்ணாடி. ரேடியோ வாங்க ஆளு வரட்டும்னு சீனிவாசலு அண்ணன் செய்யச் சொன்னாருங்க, 'ராமாமணிகிட்ட மட்டும் மூச்சு உட்றாதே, பொய்யின்னு தெரிஞ்சா அவ வாயே தொறக்கமாட்டா, நெசமுன்னு நம்பிட்டான்னா ஊரையே எதுத்து நிப்பா'ன்னு சொல்லி."