டீசல் பம்புக்குப் பல் வைத்தியம்

"வாயை இன்னும் கொஞ்சம் திற" என்றார் பல் டாக்டர்.

காரிடம்தான் சொன்னார். பழக்கதோஷம். பானெட் அதற்கு மேல் திறக்காது. ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த குட்டி வட்டக் கண்ணாடி. பல்லுக்குப் பின்னால் பார்ப்பதற்கென்று செய்த அந்தக் கண்ணாடி, தலையெழுத்தே என்று டீசல் பம்புக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது.

"கண்டுபிடிச்சிட்டேன்! பின்பக்கக் குழாயோட நட்டு. அங்கேருந்துதான் கசியுது."

"கண்டுபிடிச்சது இருக்கட்டும்" என்றாள் வாசலில் நின்ற மனைவி. "ஞாயித்துக்கிழமை ஞாபகம் இருக்கில்ல?"

எப்படி மறக்கும்? வீடு பூராவும் டீசல் நாற்றம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், பழைய கார் வாங்குகிற புரோக்கரை ஞாயிறு காலை வரச் சொல்லிவிட்டாள். அன்றைக்குக் காருக்கு அடியில் ஒரு சொட்டு இருந்தாலும் காரை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புரோக்கர் வந்த வழியே போக வேண்டும். இதுதான் தீர்ப்பு. அப்பீல் கிடையாது.

"பேசாம மெக்கானிக்கிட்ட விடுங்களேன்."

"ரத்தம், சீழ், எச்சில்னு எத்தனை கசிவை நிறுத்தியிருக்கேன்! டீசலுக்கு என்ன, கொம்பா முளைச்சிருக்கு?"

டாக்டரின் வீம்புக்குக் காரணம் இருந்தது. கிளினிக்கில் அவர் பேசினால் யாரும் பதில் பேச முடியாது. எல்லார் வாயிலும் குழாய். வீட்டில் அவர் பேசினால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. இடது என்றால் இடது, வலது என்றால் வலது என்று அவர் சொன்ன பேச்சைக் கேட்கிற ஒரே ஜீவன் அந்தக் கார்தான். அதையும் பிடுங்கிக்கொண்டால் மனுஷன் எங்கே போவார், பாவம்!

முந்தின இரவு காருக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்திருந்தார். கிளினிக்குக்குக் கையுறை வருகிற பெட்டியைக் கிழித்தது. ஒரு பக்கம் பளிச்சென்று வெள்ளை. காலையில் உருவிப் பார்த்தால், நடுவில் டீசல் கறை. கீழே இரண்டு வேர், மேலே மேடு பள்ளம். அச்சு அசல் கடைவாய்ப்பல்.

"பாத்தியா! கடவுளே எக்ஸ்ரே எடுத்துக் குடுத்திருக்காரு."

நட்டை ஸ்பேனரால் முறுக்கினார். கறை அட்டையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, புது அட்டை ஒன்றை விரித்தார். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார், ஏதோ மலையைப் புரட்டிவிட்ட மாதிரி.

உள்ளே மாமியார். சில நாள் தங்க வந்தவர், வந்த அன்றே சமையலறையைக் கைப்பற்றியிருந்தார்.

"கத்தி மொண்ணை. டப்பாவுக்கு மூடி இல்ல. அலமாரித் தட்டு பிசுபிசுங்குது, விரிக்க ஒரு துண்டுக் காகிதம்கூட இல்ல. எப்படித்தான் குடும்பம் நடத்தறீங்களோ!"

"இருக்கட்டும் அத்தை. கார் பம்பை நானே சரி பண்ணிட்டேன்!"

"சரி பண்ணினா நல்லதுதான் மாப்பிள்ளை. கையைக் கழுவிட்டு உக்காருங்க."

மறுநாள் காலை குனிந்து பார்த்தார். காருக்கு அடியில் அதே கடைவாய்ப்பல். அதே இரண்டு வேர்.

"இம்மி நகரலயே!" என்று வியந்தார். "அப்ப ஓட்டை ஒண்ணுதான். நட்டுல இல்ல, பம்போட மூடியில."

சுவரோரம் சாய்த்திருந்த பழைய அட்டையைக் காணோம். அத்தை குப்பையில் போட்டிருப்பார், நல்ல சுத்தம் என்று நினைத்துக்கொண்டு, இந்த அட்டையை அங்கே சாய்த்தார். இனி தினமும் ராத்திரி ஒரு புது அட்டை, காலையில் சோதனை என்று முடிவு செய்தார்.

மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கடையில் வாங்கிவந்து, பம்பின் மூடியைக் கழற்றினார். வளையத்தை மாற்றும்போது ஒரு திருகு நழுவி இன்ஜினின் அடிவயிற்றுக்குள் போய்விட்டது. பல் பிடுங்கும் குறடை விட்டு, முக்கால் மணி நேரம் துழாவி, வெளியே இழுத்தார்.

"வலிச்சுதா?" என்று காரைக் கேட்டார்.

கார் பதில் சொல்லவில்லை. சாவியைத் திருப்பினாலும் சொல்லவில்லை. மூடியைத் திறந்ததில் பம்புக்குள் காற்று புகுந்து, வண்டி கிளம்ப மறுத்துவிட்டது. டாக்டர் அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே கிளினிக்குக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையிலும் பல் இருந்தது.

"ஒழுகிட்டு ஓடின கார், இப்ப ஒழுகிட்டு நிக்குது" என்றாள் மனைவி. "எங்கம்மாவைப் பாருங்க. நாளுக்கு ஒரு தட்டுன்னு அலமாரியைத் துடைச்சு முடிச்சிட்டு வர்றாங்க. வேலைன்னா அது வேலை."

"நக்கல் போதும். வந்து சாவியைத் திருப்பு."

அன்றைக்குக் குழாய்களின் வாஷரையெல்லாம் மாற்றினார். காற்றை வெளியேற்ற, இன்ஜின் பக்கத்து நட்டுகளைத் தளர்த்தினார். மனைவி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

"டீசல் வருதா?"

"வரல. திருப்பு!"

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்... ஐயோ, போதும்! போதும்!"

வந்துவிட்டது. டாக்டரின் முகத்தில் பாதி, கொடியில் காய்ந்த அவருடைய வெள்ளைக் கோட்டில் மீதி. நட்டுகளை முறுக்கியதும் கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. அந்தச் சந்தோஷத்தில் அதே கோட்டை மாட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். நாற்காலியில் சாய்ந்திருந்த பெரியவர் மூக்கைச் சுளித்தார்.

"டாக்டர், புது மயக்க மருந்துங்களா? தலை சுத்துது."

சனிக்கிழமை காலை, டாக்டருக்கு முன்னால் மனைவியே குனிந்து பார்த்துவிட்டாள்.

"என்னங்க, பல்லு மறுபடி முளைச்சிருக்கு."

டாக்டர் படியில் உட்கார்ந்துவிட்டார். நாளைக்குப் புரோக்கர் வருவார். சாவியை அவர் கையில் கொடுக்க வேண்டும். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"விடுங்க. வேற வண்டி வாங்கிக்கலாம்."

"வேற வண்டி என் பேச்சைக் கேக்குமா?"

அவளுக்கே கொஞ்சம் பாவமாகிவிட்டது. ஆனால் டாக்டர் அதற்குள் துள்ளி எழுந்தார்.

"பல்லுன்னா நான் என்ன பண்ணுவேன்? அடைப்பேன்! இது தோணாம இத்தனை நாள் மெக்கானிக் வேலை பாத்துட்டிருந்தேனே!"

கிளினிக்குக்கு ஓடிப்போய்ப் பல் அடைக்கிற சிமெண்ட்டை எடுத்துவந்தார். பஞ்சை வைத்து நட்டைச் சுற்றி ஈரத்தை ஒற்றினார். குழைத்தார், பூசினார், நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தார். பிறகு சாவியைத் திருப்பினார்.

கார் அலறியது. சிமெண்ட் வழிந்து, வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கைப்பிடியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. தெருவே வெளியே வந்துவிட்டது. எதிர்வீட்டு வாத்தியார் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"நிறுத்துங்க டாக்டர்! வெடிச்சிடப் போகுது!"

டாக்டர் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். இருட்டும்வரை உட்கார்ந்து, பல்லில் படிந்த கறையைச் சுரண்டுகிற ஊசியால் அந்தக் கைப்பிடியைச் சுற்றிச் சுரண்டினார். நட்டின் மேல் இருந்த சிமெண்ட்டை மட்டும் விட்டுவைத்தார். புது அட்டையை விரித்தார். கும்பிட்டார். படுத்தார். தூக்கம் வந்தால்தானே?

ஞாயிறு காலை புரோக்கர் வந்து நின்றார். வாத்தியாரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நீயே எடுத்துப் பாரு. எனக்குத் தைரியம் இல்ல."

மனைவி குனிந்து அட்டையை உருவினாள். திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். விரலால் தடவி முகர்ந்தும் பார்த்தாள்.

"என்னங்க... வெள்ளையா இருக்கு!"

டாக்டர் கண்ணைத் திறந்தார். கறை இல்லை, சொட்டு இல்லை, பல் இல்லை. பச்சைக் குழந்தையின் வாய் மாதிரி இருந்தது அட்டை.

"ஆஹா!" என்று அவர் போட்ட சத்தத்தில் புரோக்கர் ஓர் அடி பின்னால் போனார்.

புரோக்கர் சாவியைத் திருப்பிப் பார்த்தார். கார் முதல் திருப்பிலேயே கிளம்பி, பூனைக்குட்டியாக முனகியது. அடியில் குனிந்து, பம்பைச் சுற்றித் துணியால் துடைத்துப் பார்த்தார். துணி காய்ந்தே வந்தது.

"இத்தனை வருஷத்துல இப்படி ஒரு வேலையை நான் பாத்ததில்ல டாக்டர். இதை ஏன் விக்கறீங்க?"

"யாரு விக்கறா?" என்றாள் மனைவி வெடுக்கென்று. "எங்க வீட்டு வண்டி எங்க வீட்லதான் இருக்கும். நீங்க போயிட்டு வாங்க." பிறகு கணவனைப் பார்த்துச் சிரித்தாள். "சத்தியமா நம்பலைங்க. நீங்க கெட்டிக்காரர்தான்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் காத்திருந்த வார்த்தை. ஹாரனை அடித்துக்கொண்டே தெருவை இரண்டு சுற்று சுற்றி வந்தார். இறங்கியபோது வாத்தியார் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் வண்டியும் ஒழுகுது டாக்டர். ரகசியத்தை எனக்கும் சொல்லுங்களேன்."

டாக்டர் பானெட்டில் சாய்ந்துகொண்டார். இன்று அவர் பேசினால் எல்லாரும் கேட்பார்கள்.

"விடாமுயற்சி சார். மூடி, வாஷர், சிமெண்ட்னு படிப்படியாப் போகணும். முதல் நாளே அந்த ஒரு நட்டை முறுக்கினேன். அதோட சரியாச்சுன்னு நான் உக்காந்திருந்தா என்ன ஆயிருக்கும்? கார் இன்னேரம் புரோக்கர் கையில!"

எல்லாரும் தலையாட்டினார்கள். சமையலறை ஜன்னலிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இன்னிக்கு அந்த வெள்ளை அட்டை எனக்கு வேண்டாம், அலமாரியில மூணு தட்டும் விரிச்சு முடிச்சாச்சு. அவ்வளவு நல்ல அட்டையைப் போய் யாராவது டீசல்ல நனைப்பாங்களா? அதான் தினமும் விடியக்காலையில புதுசை உருவிக்கிட்டு, சுவரோரம் இருந்த அந்தப் பல்லு போட்ட பழைய அட்டையையே காருக்கு அடியில தள்ளிவிட்டேன்!"