சேறில்லாத விதைப்பு விழா

மழை பெய்தால் விதைக்கலாம் என்று படித்தவர்களில்கூடச் சிலர் நம்புகிறார்கள். இந்தப் பிழையை இனியும் அனுமதிப்பதற்கில்லை. மழை என்பது மேகத்தின் சொந்த விவகாரம். விதைப்புப் பருவம், அதிகாரி ரிப்பன் வெட்டும்போதுதான் தொடங்குகிறது.

இது தெரியாத சோள விவசாயி ஒருவர், மழை பெய்த மறுநாளே சேற்றுக்காலோடு வேளாண் அலுவலகத்தில் போய் நின்றார். வருஷத்துக்கு ஒரு நல்ல மழை பெய்தாலே அதிசயம் என்கிற பூமி அது. போன வறட்சியில் வீட்டிலிருந்த விதைச் சோளத்தையும் தின்று தீர்த்தாயிற்று. மிச்ச விதையெல்லாம் அலுவலகக் கிடங்கில், பூட்டுக்குள்.

“விதை குடுங்கய்யா. ஈரம் காயறதுக்குள்ள போட்டாகணும்.”

“பருவம் இன்னும் தொடங்கலையேப்பா,” என்றார் அதிகாரி.

“நேத்து கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சே!”

“அது முன்கூட்டிய மழை. கணக்குல சேராது.”

“அது பயிருக்குத் தெரியாதுங்களே.”

“அதுக்குத்தானே நாங்க இருக்கோம்.”

“அப்ப விழாவை நாளைக்கே வச்சிடுங்கய்யா, புண்ணியமாப் போகும்.”

“சேத்துலயா? மேடை புதைஞ்சிடாது? மேலதிகாரி புது ஷூ வாங்கியிருக்கார். நல்லாக் காயட்டும்.”

நிலம் ஒத்துழைத்தது. காய்ந்து, வெடிப்பும் விட்டது. உடனே அந்த விவசாயியின் வயலிலேயே, உரிய மரியாதைகளுடன் விழா நடந்தது. புழுதியில் படம் சரியாக விழவில்லை என்பதால் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து, மேடைக்கு முன்னால் ஒரு பாய் அகலத்துக்கு நனைத்தார்கள். மேலதிகாரி அதில் சோளம் தூவினார். ஊரே கைதட்டியது. பிறகு கிடங்கு திறந்து எல்லோருக்கும் விதை வழங்கப்பட்டது.

பாய் அகலத்தில் மட்டும் சோளம் முளைத்தது. மற்றதை எறும்புகள் அறுவடை செய்தன. கைதட்டலால் முளைப்புத்திறன் கூடுகிறது என்று அதிகாரி மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் மகிழ்ந்து, அடுத்த வருஷம் எல்லா வயலிலும் மேடை, ஒவ்வொரு மேடைக்கும் ஒரு லாரி என்று ஆணையிட்டது.

ஊரில் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. லாரி வருகிறதே!

அடுத்த வருஷ விழாவுக்கு முந்தின நாள் விவசாயியின் மனைவி வானத்தைப் பார்த்தாள். “ஏங்க, கருக்கலா இருக்கே. மழை வந்துட்டா?”

“வாயை வைக்காதடி! சேறானா விழாவும் போச்சு, லாரியும் போச்சு.”

விடிந்தபோது தூறல் ஆரம்பித்து, பலமாகப் பிடித்துக்கொண்டது. ஊரே ஓடிப்போய் அவரவர் வயலைத் தார்ப்பாய் போட்டு மூடியது. தார்ப்பாய் எட்டாத மூலைக்கு அந்த அம்மாள் கட்டிலில் கிடந்த போர்வையைக் கொண்டுவந்து விரித்தாள்.