தோல்வி நிவாரணக் குழு வென்ற கோப்பை

தோல்வியை ஒழிக்க மனித குலம் எடுத்த முயற்சிகளில் தலையாயது, என் தங்கை கணவருக்காக நான் அமைத்த நிவாரணக் குழு. அவருக்குக் கோல்ஃப்தான் தொழில். பல வருடங்களாக அவர் போட்டிக்குப் போவார், தோற்பார், மட்டைப் பையோடு திரும்பி வருவார். அந்த வருடத்துக்குள் ஒரு போட்டியாவது வெல்லாவிட்டால் ஆடும் உரிமையே பறிபோகும் என்ற நிலை. அவருடைய அப்பாவின் பிளாஸ்டிக் வாளிக் கடையில் அவருக்கென ஒரு நாற்காலியைத் துடைத்தே வைத்துவிட்டார்கள்.

மேலாளரான நான் சும்மா இருக்க முடியுமா? மனப் பயிற்சியாளர், மூச்சு ஆலோசகர், மட்டையோடு 'உறவு' வளர்க்கும் நிபுணர் என்று மூன்று மேதைகளை நியமித்தேன். உற்றுப் பார்த்தால் பந்து கூச்சப்படும் என்றார் மனப் பயிற்சியாளர். அடிக்கும்போது இடது மூக்கால் மட்டும் மூச்சு விடச் சொன்னார் ஆலோசகர். நிபுணரோ மட்டையைக் கட்டிலில் பக்கத்திலேயே படுக்க வைக்கச் சொன்னார். தங்கை தலையணையோடு ஹாலுக்குக் குடிபெயர்ந்தாள்.

இத்தனைக்குப் பிறகும் அவர் தோற்றதற்கு அவருடைய ஒத்துழையாமையே காரணம் என்று குழு 'ஒருமனதாக'த் தீர்மானித்தது.

அந்த வருடத்தின் கடைசி வாய்ப்பான போட்டியில் காற்றும் மழையும் எல்லோரையும் சொதப்ப வைத்தன. சொதப்பலில் பழுத்த அனுபவசாலியான எங்கள் ஆள் முன்னணிக்கு வந்துவிட்டார். இறுதி நாள் காலை, அவர் மைதானத்துக்குக் கிளம்பியதும், ஹோட்டல் அறையில் அவசரக் கூட்டம் கூட்டினேன். கூட்டங்களில் ஆட்டக்காரருக்கு ஆர்வம் குறைந்துவருவது ஏன் என்பதே பொருள். மன அமைதிக்காகக் கைப்பேசிகளை வாசலிலேயே வைத்துவிட்டு வந்திருந்தோம். காபி சொல்லிவிட்டு வருவதாக எழுந்துபோன தங்கை, வெளியிலிருந்து கதவைப் பூட்டினாள்.

"அண்ணா, உள்ள டிவி இருக்கு. சமத்தா உக்காந்து பாருங்க," என்று குரல் மட்டும் வந்தது.

பார்த்தோம். அவர் பந்தை உற்றுப் பார்த்தார், கொஞ்சமும் வெட்கமில்லாமல். மட்டையை வெறும் மட்டையாகவே நடத்தினார். நிபுணர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு மூக்காலயும் விடுறாரே," என்று ஆலோசகர் தலையில் கைவைத்தார்.

பந்து உருண்டு குழியில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. முடிவில் ஒரே அடி வித்தியாசத்தில் கோப்பை எங்கள் குழுவுக்கு வந்து சேர்ந்தது.

கதவு திறந்ததும் நிருபர்கள் கூட்டத்துக்கு ஓடி, மேடையில் அவர் பக்கத்திலேயே இடம்பிடித்தேன். இத்தனை காலம் போக்குக் காட்டிய குழி இன்று மட்டும் எப்படி வசப்பட்டது என்று ஒரு நிருபர் கேட்டார். நன்றியுரையை ஏற்கத் தோதாக நான் டையைச் சரிசெய்துகொண்டேன்.

அவர் என்னைப் பாசத்தோடு பார்த்துவிட்டு மைக்கை இழுத்துக்கொண்டார்.

"மைதானத்துல இருக்கிற குழி எப்பவும் சின்னதுதாங்க. மச்சானும் அவரோட ஆளுங்களும் எனக்குத் தோண்டினதுதான் பெருசு. இன்னைக்குத்தான் அதுல விழாம தப்பிச்சேன்."