முட்டி சைஸ் சிலிப்பர்

விழுவதற்கென்றே உடை தைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஏறிய மனிதர் மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் ஆமை அண்ணே. ஞானஸ்நானத்தில் பாதிரியார் வைத்த நல்ல பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் அவருடைய அம்மாவே கொஞ்சம் யோசிப்பார்.

எழுபதுகளின் கடைசி. சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட் ஆபீசில் நான் டைப்பிஸ்ட், அவர் சின்னக் கிராணி, அதாவது இளைய குமாஸ்தா. தபால், மருந்து, உதிரி சாமான் என்று தினமும் டவுனுக்குப் போய்வருவது அவர் பொறுப்பு. மோட்டார் இல்லையென்றால் அந்த வேலையும் இல்லை. தலைக்கு ஹெல்மெட் கட்டாயம் என்று சட்டம் வந்திருந்தது. எங்கள் ஆட்கள் அதைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போவார்கள். போலீஸைக் கண்டால்தான் அது தலைக்கு ஏறும். அண்ணேயும் அப்படித்தான் இருந்தார், பெண் பார்க்கப் போகும்வரை.

பெண் ஸ்டெல்லா, சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி. நர்சுகளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அந்தப் பெண் காப்பி கொடுத்தார், பலகாரம் கொடுத்தார், கையோடு பதிலையும் கொடுத்துவிட்டார்.

"மோட்டார் ஓட்டுறவங்கள நான் கட்டிக்க மாட்டேன்."

காரணம் இருந்தது. ஸ்டெல்லாவின் அண்ணன் ஒரு முறை மோட்டாரோடு ஜல்லியில் சறுக்கி விழுந்தவர். அதற்குப் பிறகு அவருடைய கை முழுதாக நீளவே இல்லை. போதாததற்கு, ஆஸ்பத்திரியில் தினமும் யாராவது ஒருவருடைய முட்டியிலிருந்து கல் பொறுக்குவது ஸ்டெல்லாவின் வேலை.

மறுநாள் அண்ணே என் மேசைக்கு எதிரில் வந்து நின்றார்.

"தங்கச்சி, மோட்டார விட்டா சோறு இல்ல. விடலன்னா பொண்ணு இல்ல."

"வேற பொண்ணு பாருங்கண்ணே."

"சேச்சே! எனக்கு இந்தப் பொண்ணத்தான் பிடிச்சிருக்குலா." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காது இரண்டும் சிவந்திருந்தன.

அப்போதுதான் அந்த யோசனை பிறந்தது. "மண்டைக்குத் தொப்பி போடச் சொல்றாங்க, சரி. முட்டி மட்டும் என்ன மாற்றாந்தாய் பிள்ளையா?"

முதலில் முதுகில் ஓர் இலவம்பஞ்சுத் தலையணையைக் கட்டிக்கொண்டார். ஆமை என்ற பெயர் அன்றைக்கு வந்ததுதான். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஊறிய பஞ்சோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றவரை இரண்டு பேர் பிடித்து உரிக்க வேண்டியிருந்தது. அடுத்து, ஸ்டோரில் ஒதுக்கிப்போட்ட ரப்பர் ஷீட்டுகளைக் கைகாலில் சுற்றினார். வெயில் ஏற ஏற அது கொடுத்த வாடையில் டவுன் நாய்கள் அவரைத் தலைவராக ஏற்றுக்கொண்டு பின்னாலேயே வந்தன. மத்தியானம் கழற்றியபோது கைமுடியும் ஷீட்டோடு வந்துவிட்டது.

மூன்றாவதுதான் தகரம். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, வளைத்து, இரண்டு கால்களுக்கும் பூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனார். மாதா கோயில் வாசலில் ஸ்டெல்லா நிற்பதைப் பார்த்துவிட்டுக் கம்பீரமாக பிரேக் போட்டார். வண்டி நின்றது. ஆனால் மடங்காத கால் எப்படித் தரையில் ஊன்றும்? வெட்டிய ரப்பர் மரம் மாதிரி, எந்த அவசரமும் இல்லாமல், அண்ணே பக்கவாட்டில் சாய்ந்தார். சபையே சிரித்தது. நானும்தான். ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. கிட்டே வந்து குனிந்தார்.

"எங்க அடி?"

"அடியெல்லாம் இல்ல, மிஸ்ஸி. தகரம்தான் கொஞ்சம் குத்துது."

"யாருக்காக இந்த வேஷம்?"

அண்ணே தரையைப் பார்த்தார். ஸ்டெல்லா தகரத்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "மடக்க முடியாதத எத்தன நாள் போடுவீங்க? அப்புறம் மூலையில வீசிடுவீங்க. மூலையில கிடந்தா அது மூலைக்குத்தான் பாதுகாப்பு. எலும்பு துருத்திக்கிட்டு இருக்கிற இடம் பார்த்து வைங்க. தோள், முழங்கை, இடுப்பு, முட்டி. மெத்துனு இருக்கணும், நகரக் கூடாது. நின்னுக்கிட்டு அளவு கொடுக்காதீங்க. மோட்டார்ல உட்கார்ந்து கொடுங்க."

அண்ணே அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். நேரே செருப்புக்கடைக்குப் போய், கடையில் தொங்கிய ரப்பர் சிலிப்பர்களை அள்ளினார்.

"என்ன சைஸ் வேணும்?" என்றார் கடைக்காரர்.

"முட்டி சைஸ்."

அங்கிருந்து தையற்கடை. பாய் தலை நிமிர்ந்தபோது, வண்டியின் முன்சக்கரம் தையல் மிஷினை முட்டிக்கொண்டு நின்றது.

"அல்லாவே! தம்பி, இது கடைலா, வொர்க்‌ஷாப் இல்ல!"

"பாய், இதுல உட்கார்ந்துதான் அளவு கொடுக்கணும். டாக்டர் உத்தரவு." அவர் மனத்தில் மிஸ்ஸிக்கு அதற்குள் பதவி உயர்வு ஆகியிருந்தது.

முனகிக்கொண்டே பாய் அளவெடுத்தார். கான்வாஸ் சட்டை, உள்பக்கம் பைகள், பைகளுக்குள் சிலிப்பரை வெட்டி அடுக்கிய அட்டைகள், நகராமலிருக்க இறுக்குப் பட்டை. காற்றுப் போக அக்குளில் துளை வைத்தது பாயின் சொந்த யோசனை. கால்சட்டைக்கும் அதே ஏற்பாடு.

சோதனை எஸ்டேட் பந்துத் திடலில் நடந்தது. "தங்கச்சி, தள்ளிவிடு" என்பார். நான் தள்ளுவேன். விழுந்து உருண்டு எழுந்து, "தோள்பட்டை நகருது" என்று பட்டையை இறுக்குவார். மறுபடியும் தள்ளுவேன். ஜன்னலிலிருந்து பார்த்த பெரிய கிராணி, எங்களுக்குள் ஏதோ தீராத பகை என்று நினைத்துச் சமாதானம் பேச ஓடிவந்தார்.

ஒருநாள் டவுனுக்குப் போகும் செம்மண் பாதையில், மழைவிட்ட நேரம், ஆட்டுமந்தை ஒன்று குறுக்கே பாய்ந்தது. வண்டி ஒரு பக்கம், அண்ணே ஒரு பக்கம். நல்ல தூரம் சறுக்கிக்கொண்டு போனார். எழுந்து கையை நீட்டினார், மடக்கினார். காலைப் பார்த்தார். விளக்கு உடைந்த வண்டியைத் தூக்கி நிறுத்தி, உடம்பெல்லாம் சேற்றோடு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அங்கே நடந்ததை மறுநாள் இரண்டு குரலிலும் எனக்கு நடித்தே காட்டினார்.

ஸ்டெல்லா சட்டைக் கையைச் சுருட்டிப் பார்த்தார். முழங்கையில் ஒரு கீறல்கூட இல்லை. முட்டியிலும் இல்லை. தாடையில் மட்டும் சிராய்ப்பு. அதற்கு மருந்து வைத்த பிறகும் மிஸ்ஸி முட்டியை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாராம்.

"வேற எங்கயாவது வலிக்குதா?"

"இல்ல, மிஸ்ஸி. தாடைக்கும் ஏதாச்சும் தைச்சிடுறேன், மிஸ்ஸி."

"உங்க வீட்டுக்கு வந்த பிறகும் என்னை மிஸ்ஸின்னுதான் கூப்பிடுவீங்களா?"

இந்த இடத்தில் அண்ணேயின் நடிப்பு நின்றுவிட்டது. என் நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

கல்யாணத்துக்குப் பிறகு, பட்டுச் சேலைக்கு மேல் கான்வாஸ் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டெல்லா அக்கா பின்னால் உட்கார, இருவரும் விருந்துகளுக்குப் போனார்கள். பார்த்துச் சிரித்தவர்களில் சிலர், கொஞ்ச நாளில் பாயிடம் முட்டிப் பை தைக்கக் கொடுத்தார்கள்.

பிறகு அக்காவுக்குக் கோலா கெடாப் பக்கம் மாற்றல் வந்தது. அண்ணேயும் அங்கேயே ஒரு வேலை தேடிக்கொண்டார். புறப்பட்ட காலையில் ஆபீசே வாசலுக்கு வந்துவிட்டது. அண்ணே ஒவ்வொரு பட்டையாக இழுத்துப் பார்த்தார். அக்காவுடையதை இரண்டு முறை. மற்றவர்கள் எல்லோரும் "பார்த்துப் போங்க, பார்த்துப் போங்க" என்றார்கள். அந்த மனிதரிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அடிக்கடி வாங்கண்ணே" என்றேன்.