மரக்கரண்டி

டெரிக் வந்து சேர்ந்தபோது பந்தயம் புறப்படும் இடத்தில் ஈ காக்கை இல்லை. ஊர்க்கூடத்துக்கு வெளியே கார்கள் மட்டும் நவம்பர் தூறலில் நனைந்துகொண்டிருந்தன.

எல்லோரும் ஓடத் தொடங்கிவிட்டார்கள்!

வழியில் ஒரு செம்மறி மந்தை சாலையை அடைத்துக்கொண்டு நின்றதுதான் அவர் தாமதத்துக்குக் காரணம். ஆனால் அதை வெளியே சொல்ல முடியாது. 'தாமதம் ஒரு குணக்கேடு' என்று மலையோட்டச் சங்கத்தின் பலகையில் எழுதி வைத்தவரே தலைவர் டெரிக்தான். ஓட்டத்தில் கைபேசி கூடாது என்ற விதியும் அவருடையதே. அதனால் அவருடைய கைபேசி வீட்டு மேசைமேல் கிடந்தது.

கூடத்துக்குள் தலையைக் காட்டினால் தேநீர் ஊற்றும் பெரில் பார்த்துவிடுவாள். அவளுக்கு வாய் நீளம். கல்சுவரை ஒட்டிக் குனிந்து, பின்பக்கமாக மலைப்பாதையில் ஏறினார்.

கடைசியாக வருபவருக்கு மரக்கரண்டி பரிசளிப்பது சங்கத்தின் வழக்கம். அதைக் கொடுப்பதும், கூடவே ஒரு கேலிப் பேச்சை அவிழ்த்துவிடுவதும் தலைவரின் உரிமை. சில வருடங்களாக அதை வாங்கி வருபவர் வில்ஃப்.

"மலை மேல கிடக்கிற கல்லு கூட உன்னவிடச் சீக்கிரம் கீழ வந்துரும், வில்ஃப்" என்று போன வருடம் டெரிக் சொன்னதற்குக் கூடமே குலுங்கியது. வில்ஃபும் சிரித்தார்.

அறுபதைத் தாண்டிய டெரிக்கின் முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் முனகியது. அந்தச் சிரிப்பு இப்போது அவர் காதில் வேறு மாதிரி ஒலித்தது.

வழிகாட்டும் கொடிகள் ஒன்றுகூட இல்லை. உச்சியில் தண்ணீர் கொடுக்கும் ஆளும் இல்லை. "சோம்பேறிப் பசங்க" என்று திட்டிக்கொண்டே, மாலைப் பேச்சில் இதற்கும் ஓர் இடம் ஒதுக்கினார்.

பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் இரைத்துக்கொண்டு வந்தது.

"தலைவரே! நில்லுங்க!"

வில்ஃப்! டெரிக்கின் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அப்படியானால் கடைசி ஆள் நானில்லை!

"நின்னா முந்திக்கலாம்னு பாக்கிறியா? இந்த வித்தையெல்லாம் எனக்கு அத்துப்படி!"

சுமை குறையட்டும் என்று மழைச்சட்டையைக் கழற்றி எறிந்தார். மழை உடனே வலுத்தது.

"தலைவரே, கொஞ்சம் கேளுங்க, பந்தயம்..."

"பந்தயத்தப் பத்திக் கீழ போய்ப் பேசிக்கலாம்!"

அடுத்து, பாதைக்குக் குறுக்கே ஓடிய கல்சுவரில் ஒரு மரக்கதவு வந்தது. சட்டென்று ஒரு யோசனை. ஷூவின் நாடாவை உருவிக் கதவை இறுகக் கட்டினார். வில்ஃப் அதை அவிழ்க்கட்டும், நேரமாகும். நேரம் ஆகத்தான் செய்தது. ஆனால் நாடா இல்லாத ஷூவை அடுத்த சதுப்பு விழுங்கிக்கொண்டது. முழங்கை வரை சேற்றில் விட்டுத் துழாவினார். அகப்படவில்லை.

"தலைவரே..." குரல் நெருங்கியது.

ஒற்றை ஷூவோடு, நடுங்கிக்கொண்டு, பாதி ஓடியும் மீதி உருண்டும் கீழே வந்தார்.

கூடத்துக்குள் எல்லோரும் காய்ந்த உடையில் கேக் தின்றுகொண்டிருந்தார்கள். இவ்வளவு பேரும் ஓடி முடித்து உடையும் மாற்றியாயிற்றா!

கொஞ்ச நேரத்தில் வில்ஃப் வந்தார். ஒரு கையில் டெரிக்கின் மழைச்சட்டை, மறு கையில் சேறு சொட்டும் ஷூ. ஷூ நாடாவை ஒழுங்காகச் சுருட்டி வைத்திருந்தார். பேச மூச்சில்லாமல் நாற்காலியில் விழுந்தார்.

டெரிக் அலமாரியிலிருந்து மரக்கரண்டியை எடுத்து, சேற்றுக் காலோடு நடுவில் வந்து நின்றார்.

"நண்பர்களே, வழக்கம்போல இந்த வருஷமும் நம்ம வில்ஃப்..."

யாரும் சிரிக்கவில்லை. பெரில் ஒரு கோப்பைத் தேநீரை வில்ஃபின் கையில் வைத்து, அவர் விரல்களை அதைச் சுற்றி மூடினாள். பிறகுதான் திரும்பினாள்.

"கரண்டி உங்ககிட்டயே இருக்கட்டும், தலைவரே. பனி மூடிருச்சுன்னு பந்தயத்தக் காலையிலயே நிறுத்தியாச்சு. நீங்க சுவரோரமாக் குனிஞ்சு போனத ஜன்னல் வழியாப் பாத்து நாங்கல்லாம் சிரிச்சோம், போய்க் கூட்டிட்டு வர்றேன்னு எந்திரிச்சது இவரு ஒருத்தருதான்."