சிரையில் சிவப்பு

தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே நஞ்சுக்கொடி நாடு என்றொரு நாடு இருந்தது. ரத்தக் குழாய்களுக்கு உட்சுவராக நின்று பிழைத்த உயிரணுக்களே அதன் குடிமக்கள். தமனித் தெருக்காரர்கள் தளக்கல் பாவியதுபோல் ஒட்டி ஒட்டி நிற்பார்கள். சிரைத் தெருக்காரர்களோ ஒல்லியாக, நீளமாக, சுழித்துச் சுழித்து நிற்பார்கள். சிரைத் தெரு சூடாமணிக்கு ஒரே வேலைதான்: தாயிடமிருந்து வரும் சிவந்த ரத்தம் தடையில்லாமல் கருவறை இளவரசருக்குப் போய்ச் சேர வேண்டும். இளவரசர் உதைத்தால் அவளுக்கு உச்சி குளிரும்.

தேர்தலில் வென்ற மந்திரி மகரபூஷணம், பதவியேற்ற கையோடு பக்கத்து நாட்டுச் சட்டப் புத்தகத்தை வரவழைத்தார். நல்ல ரத்தம் தமனியில், கெட்ட ரத்தம் சிரையில் என்று அதில் இருந்தது. மூக்கால் மூச்சுவிடும் உடம்புகளுக்காக எழுதிய புத்தகம் அது. மந்திரி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஆய்வுக்குக் கிளம்பினார்.

சிரையை எட்டிப் பார்த்தவர் பதறிப்போனார். "என்னய்யா இது, சிவப்பா ஓடுது? கடத்தல்!"

"ஐயா, வெளியூர்ல எப்படியோ, இங்க தலைகீழுங்க. பிள்ளைக்குச் சாப்பாடே இந்தப் பக்கமாத்தான் போகுது," என்றாள் சூடாமணி.

"சட்டத்துல அப்படி இல்லியேம்மா."

சிரையில் சிவப்பு ரத்தம் ஓடக் கூடாது என்று ஆணை பிறந்தது. மறிக்கச் சோதனைச் சாவடியும் எழும்பியது. நாளுக்குப் பத்தாக இருந்த இளவரசரின் உதை நான்காகக் குறைந்தது. சிரைக்காரர்கள் கோணலாக நிற்பதே காரணம் என்று நிபுணர் குழு கண்டுபிடித்தது. அடுத்த ஆணைப்படி அவர்களும் தளக்கல்லாக நிற்க வேண்டியதாயிற்று. நீள உடம்பை மடக்கி மடக்கிச் சூடாமணிக்கு இடுப்பே விட்டுப்போனது. உதை ஒன்றானது. உடனே, உதைகளை எண்ணுவது ராஜத்துரோகம் என்று அறிவித்தார்கள். தமனித் தெருவுக்கோ, இளவரசரின் கழிவோடு திரும்பும் கறுத்த ரத்தத்தைச் சுமந்ததற்காகத் தூய்மை விருது! வாங்கியவர்களே வெட்கத்தில் நெளிந்தார்கள்.

ஒரு நாள் உதையே இல்லை.

"எண்ணக் கூடாதாம்ல? நாசமாப் போக உங்க சட்டம்!" என்று கத்தியபடி சூடாமணி உடம்பை நிமிர்த்திச் சாவடிமேல் மோதினாள். அவள் பின்னால் தெருவே திரண்டது. சாவடி சரிந்து சிவப்பு பாய்ந்தது. பிறகு நாடே அதிரும்படி ஓர் உதை விழுந்தது. சூடாமணி குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

மறுநாள் காவலர்கள் அவளைப் பிடித்துப்போனார்கள். கடத்தல் வழக்கு. குற்றப்பத்திரிகையை மந்திரியே தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"தடயம் ஒன்று: இளவரசர் உயிரோடு இருக்கிறார்."